சிறுபிள்ளைத்தனமான வாதமும் இளம்பிள்ளை வாதமும்

‘சிறுபிள்ளைத்தனமான வாதம்’ என்று எழுதினால் எதிராளிக்குக் கோபம் வரும். ‘இளம்பிள்ளை வாதம்’ என்று எழுதினால் யாருக்கும் கோபம் வராது, போலியோ சொட்டு மருந்துதான் நினைவுக்கு வரும். இரண்டிலும் பிள்ளை இருக்கிறது, வாதமும் இருக்கிறது. முதல் வாதம் வாயால் செய்வது, இரண்டாவது கை காலை முடக்குவது. அதை விடுங்கள். வாதத்துக்கு முன்னால் நிற்கும் பிள்ளை ஓரிடத்தில் திட்டாகவும் இன்னோரிடத்தில் வெறும் வயதுக் குறிப்பாகவும் எப்படி ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையே அதிகம் தாக்கியதால் போலியோவுக்கு இளம்பிள்ளை வாதம் என்று பெயர். பெரியவர்களுக்கு வந்தாலும் பெயர் மாறாது. பின்னாளில் அமெரிக்க அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1921-ல் கால்கள் செயலிழந்தபோது வயது 39. மருத்துவர்கள் அவருக்குச் சொன்னதும் இதே நோயைத்தான். மீசை நரைக்கத் தொடங்கும் வயதில் ஒருவருக்கு ‘இளம்பிள்ளை’ என்று தொடங்கும் நோய் வந்தது என்று எழுதினால் அதில் கேலி எதுவும் இல்லை. அவரையே ‘சிறுபிள்ளைத்தனமானவர்’ என்று எழுதினால் கதை வேறு. வித்தியாசம் முழுவதும் ‘தனமான’ என்ற ஒட்டில் இருக்கிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்கலாம்.

தனம் போட்டால் என்ன ஆகிறது

பள்ளிக்கூட இலக்கணத்தைக் கொஞ்சம் தூசு தட்டிக்கொள்வோம். ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று அது எப்படிப்பட்டது என்று சொல்லும் சொல் பெயரடை. நல்ல, பெரிய, அழகான, குழந்தைத்தனமான எல்லாம் இந்த வகை. ஆண், பெண், ஒருமை, பன்மை என்று எது பின்னால் வந்தாலும் பெயரடை தன் உருவத்தை மாற்றிக்கொள்ளாது. குழந்தைத்தனமான பையன், குழந்தைத்தனமான பெண், குழந்தைத்தனமான கேள்விகள். அவ்வளவுதான், இதில் மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை.

‘தனம்’ என்பது ஒருவருடைய குணத்தையோ நடத்தையையோ பெயராக்கித் தரும் ஒட்டு. முட்டாள்தனம், அசட்டுத்தனம், சோம்பேறித்தனம், கஞ்சத்தனம், திருட்டுத்தனம், போக்கிரித்தனம் என்று சொல்லிக்கொண்டே போனால் ஒன்று தெரியும்: பெரும்பாலும் வசைதான். புத்திசாலித்தனம், கெட்டிக்காரத்தனம் போன்ற சில நல்ல பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு, ஆனால் சிறுபான்மை. குழந்தை என்ற சொல் தன்னளவில் இனிமையானது. தனம் சேர்ந்தவுடன் அதற்கும் அந்தக் கூட்டத்தின் வாடை அடிக்கத் தொடங்கிவிடுகிறது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. குழந்தைத்தனமான என்ற பெயரடையைக் குழந்தை அல்லாதவர்கள்மீது போட வேண்டும். மூன்று வயதுப் பாப்பா நிலாவைப் பிடித்துத் தரச் சொல்லி அழுதால், ‘பாப்பாவின் குழந்தைத்தனமான ஆசை’ என்று எழுதுவது வீண். அது குழந்தை, வேறு எப்படி ஆசைப்படும்? நாற்பது வயது ஆள் பக்கத்து வீட்டுக்காரரைவிட உயரமாக மதில் எழுப்ப வேண்டும் என்று நின்றால், அது குழந்தைத்தனமான ஆசை. வயதுக்கும் நடத்தைக்கும் பொருத்தம் இல்லாத இடத்தில்தான் இந்தச் சொல்லுக்கு வேலை.

குழந்தைத்தனம், சிறுபிள்ளைத்தனம் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். அகராதியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், புழக்கத்தில் இல்லை. ‘அவரிடம் ஒரு குழந்தைத்தனம் இருக்கும்’ என்று ஒரு பாடகரைப் பற்றியோ விஞ்ஞானியைப் பற்றியோ சொன்னால் அது பாராட்டு. கள்ளமில்லாத ஆள், எதையும் வியந்து பார்ப்பவர் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். ‘அவரிடம் ஒரு சிறுபிள்ளைத்தனம் இருக்கும்’ என்று சொன்னால் பாராட்டாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சிறுபிள்ளைத்தனம் எப்போதுமே குறைதான்: பொறுப்பில்லாதது, யோசிக்காதது, அற்பமானது. ‘சிறுபிள்ளை வேளாண்மை வீடு வந்து சேராது’ என்ற பழமொழியிலும் சிறுபிள்ளை என்றால் நம்பி வேலையை ஒப்படைக்க முடியாத ஆள் என்றுதான் பொருள். அரசியல் அறிக்கைகளில் குழந்தைத்தனமான என்பதைவிடச் சிறுபிள்ளைத்தனமான என்பதே அதிகம் கண்ணில் படுவதற்கும் இதுதான் காரணம். எதிர்க்கட்சியைக் குழந்தைத்தனமானது என்று சொன்னால் தப்பித்தவறி அன்பாகக் கேட்டுவிடுமோ என்ற பயம்!

ஒரு நிலைமையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வண்டி நிறுத்தும் இடத்துக்குச் சண்டை. ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக இன்னொருவர் ஸ்கூட்டரின் இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிடுகிறார். சங்கச் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போட வேண்டும். முதலில் இப்படி எழுதுகிறார்:

‘நேற்று இரவு குழந்தைத்தனமான ஒரு செயல் நடந்துள்ளது.’

இலக்கணப்படி சரி. ஆனால் காற்றைப் பிடுங்கியது மாடியில் இருக்கும் பிள்ளைகளோ என்று நாலு பெற்றோர் உடனே பதில் போட வாய்ப்பிருக்கிறது. குழந்தை என்ற சொல் முன்னால் நின்றால் வாசிப்பவர் கண் அங்கேதான் போகும். மாற்றி எழுதுகிறார்:

‘நேற்று இரவு சிறுபிள்ளைத்தனமான ஒரு செயலில் ஒருவர் ஈடுபட்டுள்ளார்.’

இப்போது பெரியவர் ஒருவரைத்தான் சொல்கிறார் என்பது தெளிவு. ‘ஈடுபட்டுள்ளார்’ என்ற மரியாதை விகுதியே வயதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. சூடும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. இதில் ‘விளையாட்டுத்தனமான’ என்று போட்டால் சூடு உடனே இறங்கிவிடும், ஏதோ வேடிக்கைக்குச் செய்தார் என்று ஆகிவிடும். காற்றைப் பிடுங்கியவர் தானே வந்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்று செயலாளர் நினைத்தால் விளையாட்டுத்தனம் நல்ல வழி. கண்டிக்க நினைத்தால் சிறுபிள்ளைத்தனம்.

இன்னொரு இடத்திலும் புதிதாக எழுதுகிறவர்கள் தடுக்கி விழுவார்கள். பெயரடை தனக்கு அடுத்து நிற்கும் பெயரைப் பிடித்துக்கொள்ளும். ‘குழந்தைத்தனமான அமைச்சரின் அறிக்கை’ என்று எழுதினால் அமைச்சரே குழந்தைத்தனமானவர் ஆகிவிடுகிறார். ‘அமைச்சரின் குழந்தைத்தனமான அறிக்கை’ என்று எழுதினால் அறிக்கை மட்டும் மாட்டும். இரண்டில் எது நமக்கு வேண்டும் என்று யோசித்துவிட்டு எழுதுவது நல்லது, வக்கீல் செலவு மிச்சம்.

வாக்கியத்தில் இந்தச் சொல் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் வால் மாறும். பெயருக்கு முன்னால் ‘ஆன’: குழந்தைத்தனமான கேள்வி. வினைக்கு முன்னால் ‘ஆக’: குழந்தைத்தனமாகக் கேட்டார். வாக்கியத்தின் முடிவில் ‘ஆனது’: அவர் கேட்ட கேள்வி குழந்தைத்தனமானது. முடிவில் நிறுத்தும்போது பேச்சு வழக்கில் ‘குழந்தைத்தனமா இருக்கு’ என்றுதான் வரும், எழுத்திலும் ‘குழந்தைத்தனமாக இருக்கிறது’ என்பது உறுத்தாது. ‘குழந்தைத்தனமானது’ என்று முடித்தால் தீர்ப்பு எழுதிய மாதிரி ஒரு விறைப்பு வந்துவிடும்.

ஒற்று விஷயமும் இங்கேயே முடிந்துவிடும். ‘ஆன’வுக்குப் பின் வல்லினம் மிகாது: குழந்தைத்தனமான பேச்சு. ‘ஆக’வுக்குப் பின் மிகும்: குழந்தைத்தனமாகப் பேசினார். குழந்தைக்கும் தனத்துக்கும் நடுவே ஒரு ‘த்’ கட்டாயம் வேண்டும். முட்டாள்தனத்தில் அது இல்லையே என்றால், முட்டாள் மெய்யில் முடிகிறது, குழந்தை ஐகாரத்தில் முடிகிறது.

குழந்தை போன்ற

தனம் தரும் கசப்பு வேண்டாம், ஆனால் பெரியவர் ஒருவரிடம் இருக்கும் குழந்தையின் சாயலைச் சொல்ல வேண்டும் என்றால் ‘போன்ற’ இருக்கிறது. குழந்தை போன்ற சிரிப்பு, குழந்தை போன்ற ஆர்வம், குழந்தை போன்ற நம்பிக்கை. ‘குழந்தைத்தனமான நம்பிக்கை’ என்றால் ஏமாறப் போகிறவரின் நம்பிக்கை. ‘குழந்தை போன்ற நம்பிக்கை’ என்றால் பார்ப்பவருக்கு மனம் இளகும் நம்பிக்கை. ஆங்கிலத்தில் சைல்டிஷ், சைல்ட்லைக் என்று இரண்டு சொல் வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். நாம் அதே குழந்தையை வைத்துக்கொண்டு பின்னொட்டை மட்டும் மாற்றுகிறோம்.

போன்ற, போல இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. போன்ற பெயருக்கு முன், போல வினைக்கு முன். குழந்தை போன்ற சிரிப்பு, குழந்தை போலச் சிரித்தார். பேச்சில் இரண்டுக்கும் சேர்த்து ‘மாதிரி’ ஒன்றே போதும்: குழந்தை மாதிரி சிரிப்பு, குழந்தை மாதிரி சிரிச்சார். எழுத்திலும் மாதிரி வரலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஒட்டே இல்லாமல் நிற்கும் குழந்தை

சுவாரசியமான பகுதி இதுதான். தமிழில் ஒரு பெயர்ச்சொல்லை அப்படியே தூக்கி இன்னொரு பெயருக்கு முன்னால் வைத்தால் அது பெயரடையின் வேலையைச் செய்துவிடும். ஆனவும் வேண்டாம், போன்றவும் வேண்டாம். ஆனால் இரண்டு பெயருக்கும் நடுவில் என்ன உறவு என்பதைத் தொடர் வாய் திறந்து சொல்லாது, நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

குழந்தைத் தொழிலாளி என்றால் குழந்தையே தொழிலாளி. குழந்தைக் கவிஞர் என்றால்? அழ. வள்ளியப்பாவைத் தமிழ்நாடு குழந்தைக் கவிஞர் என்று அழைத்தது. 1922-ல் பிறந்து 1989-ல் மறைந்த அவர், குழந்தைகளுக்காகக் கவிதை எழுதிய பெரியவர். தொழிலாளி குழந்தையாக இருக்கிறார், கவிஞர் குழந்தையாக இல்லை. தொடரின் அமைப்பு இரண்டிலும் ஒன்றே. ஒற்றாவது உதவுமா என்றால், இரண்டிலும் ஒற்று மிகுகிறது, உதவாது.

இன்னும் பாருங்கள். குழந்தை மருத்துவர் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். குழந்தை நட்சத்திரம் நடிக்கும் குழந்தை. குழந்தைத் திருமணம் குழந்தைகளுக்குச் செய்துவைக்கும் திருமணம், 2006-ம் ஆண்டின் தடைச் சட்டத்தின்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைவதற்கு முன் நடப்பது. குழந்தை வரம் என்பது குழந்தை பிறக்க வேண்டும் என்று கேட்கும் வரம், குழந்தைக்குக் கிடைக்கும் வரம் அல்ல. குழந்தை மனசு என்றால் குழந்தையினுடையதைப் போன்ற மனசு, சொந்தக்காரருக்கு எழுபது வயதுகூட இருக்கலாம்.

இலக்கணக்காரர்கள் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். குழந்தைத் தொழிலாளி இருபெயரொட்டுப் பண்புத்தொகை, குழந்தையாகிய தொழிலாளி என்று விரியும். குழந்தைக் கவிஞர் வேற்றுமைத்தொகை, நான்காம் வேற்றுமையான ‘கு’ உருபு உள்ளே மறைந்திருக்கிறது. குழந்தை மனசு உவமைத்தொகை. பெயர்கள் மறந்துபோனாலும் பரவாயில்லை, விரித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும். சந்தேகம் வந்தால் ‘ஆகிய’, ‘க்கான’, ‘போன்ற’ மூன்றையும் நடுவில் வைத்துப் பார்க்கலாம். எது பொருந்துகிறதோ அதுதான் பொருள். இரண்டு பொருந்துகிறது என்றால் வாசகருக்கும் இரண்டு பொருந்தும், அப்போது தொகையை விட்டுவிட்டு விரித்தே எழுதிவிட வேண்டும். ‘குழந்தை எழுத்தாளர்கள் கூட்டம்’ என்று அழைப்பிதழில் போட்டால் வருகிறவர்கள் பத்து வயதா ஐம்பது வயதா என்று தெரியாது. ‘குழந்தைகளுக்காக எழுதுவோர் கூட்டம்’ என்றால் வம்பில்லை.

ஒற்று வேறொரு இடத்தில் கைகொடுக்கும். ‘குழந்தை சிரித்தது’ என்பதில் ‘ச்’ வராது, ஏனென்றால் அங்கே குழந்தை எழுவாய், சிரிப்பது அதுவே. ‘குழந்தைச் சிரிப்பு’ என்பதில் ‘ச்’ வரும், குழந்தை அங்கே அடை. ஒற்றைப் பார்த்தவுடன் முன்னால் இருப்பது பின்னால் இருப்பதற்கு அடை என்று கண் பழகிவிட்டால் வாசிப்பு வேகமாகும். பின்னால் வரும் சொல் க, ச, த, ப தவிர வேறு எழுத்தில் தொடங்கினால் இந்த அடையாளம் கிடைக்காது: குழந்தை மனசு, குழந்தை முகம்.

குழந்தையைப் போலவே பிள்ளையும் முன்னால் நின்று வேலை செய்யும், இன்னும் குறும்பாக. பிள்ளைத்தமிழ் என்றால் திக்கித் திக்கிப் பேசும் தமிழ் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கடவுளையோ அரசரையோ ஆசானையோ குழந்தையாகப் பாவித்து, காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவங்களாகப் பாடும் சிற்றிலக்கியம் அது. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அப்படி 17-ம் நூற்றாண்டில் பாடியது, தமிழ் கடினமாகவே இருக்கும். பிள்ளைத்தாய்ச்சி என்றால் கர்ப்பிணி. பிள்ளைப்பூச்சி என்றால் ஈர மண்ணைக் குடைந்து போகும் ஒரு பூச்சி, அதைவிட அதிகமாக வாயில்லாத சாதுவான ஆள். ‘பிள்ளைப்பூச்சிக்கெல்லாம் கொடுக்கு முளைச்சிருச்சு’ என்று சொல்லும்போது பூச்சியைப் பற்றி யாரும் பேசவில்லை.

பிள்ளை பின்னால் நின்றால் அடை அல்ல, அதுதான் பெயர். தென்னம்பிள்ளை தென்னையின் கன்று. அணிலுக்கும் கிளிக்கும் கீரிக்கும்கூடப் பிள்ளை போட்டுச் சொல்கிறோம், ஆனால் கீரிப்பிள்ளை எவ்வளவு கிழடானாலும் கீரிப்பிள்ளைதான். இளமைப் பெயர்களுக்கென்றே தொல்காப்பிய மரபியல் ஒரு பட்டியல் தருகிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது. எந்த உயிருக்கு எதைச் சொல்வது என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறது. அந்த ஒழுங்கு இன்று நம்மிடம் கன்றுக்குட்டி, நாய்க்குட்டி அளவுக்கு வந்து நின்றிருக்கிறது.

சரி, பிள்ளை என்று முடிவதெல்லாம் பிள்ளையும் அல்ல. சேலம் மாவட்டத்தில் இளம்பிள்ளை என்று ஓர் ஊர் இருக்கிறது, நெசவுக்குப் பேர்போன ஊர். ‘இளம்பிள்ளைச் சேலை’ என்ற விளம்பரத்தைப் பார்த்துச் சிறுமிகளுக்கான சேலை என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

மழலை, பிஞ்சு, பச்சிளம்

இவை மூன்றும் அழகான சொற்கள். அதனாலேயே கண்ட இடத்தில் போட்டு வீணாக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் பிடித்த பெயர்கள் சில உண்டு, அவற்றோடுதான் ஒட்டும்.

மழலைக்கு அடிப்படையில் குதலைப் பேச்சு என்று பொருள். குறள் ‘மழலைச்சொல்’ என்கிறது. ஆகவே மழலைப் பேச்சு, மழலைக் குரல், மழலை மொழி எல்லாம் இயல்பாக வரும். பிறகு அந்தப் பேச்சைப் பேசும் குழந்தைக்கே மழலை என்று பெயர் ஆகி, மழலையர் பள்ளி, மழலைச் செல்வம் என்று நீண்டுவிட்டது. ‘மழலைக் கால்கள்’ என்றால் காது கொஞ்சம் யோசிக்கும். கால் எப்படிக் குழறும்?

காலுக்கும் கைக்கும் பிஞ்சு இருக்கிறது. பிஞ்சு விரல், பிஞ்சுக் கை, பிஞ்சுப் பாதம். கத்தரிப் பிஞ்சு, வெள்ளரிப் பிஞ்சு என்று தோட்டத்திலிருந்து வந்த சொல் என்பதால் தொட்டால் கன்றிவிடும் மென்மை அதில் இருக்கிறது. உடம்புக்கு ஒட்டும், ‘பிஞ்சு உள்ளம்’ என்று மனசுக்கும் ஒட்டும். செய்தித்தாள்களில் விபத்துச் செய்திகளில் வரும் ‘பிஞ்சு உயிர்’ தேய்ந்துபோன தொடர், தவிர்த்தால் நல்லது. வயதுக்கு மீறிப் பேசும் பிள்ளையைப் ‘பிஞ்சில் பழுத்தது’ என்று சொல்வதும் அதே தோட்டத்துச் சரக்குதான்.

பச்சிளம் என்பது பசுமையும் இளமையும் சேர்ந்தது. பச்சிளம் குழந்தை, பச்சிளம் சிசு, பச்சிளம் பாலகன் என்று குழந்தையைக் குறிக்கும் பெயரின் முன்னால்தான் வரும். ‘பச்சிளம் சிரிப்பு’ என்று எழுதுவது வலிந்து எழுதுவது. பேச்சில் இது பச்சைக் குழந்தை, பச்சப்புள்ள. பிரசவித்த பெண்ணைப் பச்சை உடம்புக்காரி என்பதும் இந்தப் பச்சையே. வளர்ந்த ஆள் ஒன்றும் தெரியாதது போல நடித்தால், ‘பாவம், பச்சப்புள்ள’ என்று நீட்டி முழக்கிச் சொல்வோமே, அங்கே சொல் முழுவதும் நையாண்டி. கைக்குழந்தைக்கும் இதே கதி: பேருந்தில் ‘கைக்குழந்தைக்காரங்க வராங்க, இடம் விடுங்க’ என்றால் உதவி, மீசை வைத்த ஆளைக் ‘கைப்புள்ள’ என்று கூப்பிட்டால் வம்பு.

அலுவலகத் தமிழில்

மருத்துவத்திலும் சட்டத்திலும் இந்தச் சொற்களுக்கு உணர்ச்சி கிடையாது, அளவு உண்டு. பிறந்து 28 நாள் வரை உள்ள குழந்தை பச்சிளம் குழந்தை, மருத்துவமனைகளில் அதற்குத் தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கும். சிசு மரண விகிதம் என்பது உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது நிறைவதற்குள் இறந்தவர்களின் எண்ணிக்கை. சிசு என்ற சொல்லை இப்படியான இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். பெண் சிசுக்கொலை என்ற தொடரால் அந்தச் சொல்லின்மேல் ஒரு நிழல் விழுந்துவிட்டது. அந்தக் கொலைகளைத் தடுக்க 1992-ல் தமிழக அரசு கொண்டுவந்த திட்டத்துக்குத் தொட்டில் குழந்தைத் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். ‘தொட்டில்’ இங்கே குழந்தைக்கு அடை, அரசுத் தொடர்களில் இவ்வளவு நல்ல தமிழ் அபூர்வம்.

பால, பால்ய என்ற வடமொழி அடைகளும் புழக்கத்தில் இருக்கின்றன. பாலபாடம் என்றால் எந்த வயதுக்காரரும் எதிலும் கற்கும் முதல் பாடம். பால்ய நண்பர் என்றால் சிறுவயது முதல் நண்பர், இருவருக்கும் இப்போது பேரன் பேத்தி இருக்கலாம். ‘பால்யமான’ என்று ஆன போட வேண்டாம், பால்ய என்பதே அடை. பால்வாடியில் பால் கொடுப்பார்கள் என்று சிறுவயதில் நம்பாதவர் குறைவு. அந்தப் ‘பால்’ மராத்தியில் குழந்தையைக் குறிக்கும் பால், மாட்டுப் பால் இல்லை.

இலங்கைத் தமிழுக்கும் தமிழ்நாட்டுத் தமிழுக்கும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு, எழுதுகிறவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தமிழ்நாட்டில் நவம்பர் 14 குழந்தைகள் தினம். இலங்கையில் அக்டோபர் 1 சிறுவர் தினம். அங்கே சிறுவர் என்பது ஆண் பெண் இருபாலருக்கும் பொதுவான அலுவலகச் சொல்: சிறுவர் உரிமை, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. தமிழ்நாட்டில் சிறுவர் என்றால் பையன்கள் பக்கம் சாயும், அதனால்தான் ‘சிறுவர் சிறுமியர்’ என்று இரண்டையும் சொல்கிறோம். இரண்டு பக்கத்துக்கும் உறுத்தாமல் எழுத வேண்டும் என்றால் சிறார் கைகொடுக்கும்: சிறார் இதழ், சிறார் இலக்கியம், சிறார் நூலகம்.

மொழிபெயர்ப்புக் கருவிகளால் இப்போது பரவும் ஒரு தவறு உண்டு. குழந்தைகளுக்கு உரியது என்ற பொருளில் வரும் எல்லாவற்றுக்கும் குழந்தைத்தனமான என்று போட்டுவிடுகின்றன. ‘குழந்தைத்தனமான உணவு’, ‘குழந்தைத்தனமான நோய்கள்’ என்று பார்த்தால் சிரிப்பதா அழுவதா? உணவுக்கும் நோய்க்கும் நடத்தை கிடையாது, அவற்றுக்குத் தனம் வராது. குழந்தைகளுக்கான உணவு, குழந்தைகளுக்கு வரும் நோய்கள். உடை, பொம்மை, அறை, சோப்பு எல்லாவற்றுக்கும் ‘குழந்தைகளுக்கான’ போதும். பொம்மைக்கே குழந்தைத்தனமான என்று எழுத ஓர் இடம் உண்டு: அதைச் செய்தவரின் கற்பனை பலவீனமாக இருக்கிறது என்று குறை சொல்லும்போது.

இதையெல்லாம் முகத்துக்கு நேரே சொல்வதற்கும் முறை இருக்கிறது. தம்பியிடமோ கூடப்படித்தவனிடமோ ‘என்னடா சின்னப்புள்ளத்தனமா பண்ற’ என்று சொல்லிவிடலாம். மேலதிகாரியிடம் பெயரடையே வேண்டாம், ‘இதை இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம் சார்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டுப் பெரியவர் மாத்திரை போட மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் தனத்தை எடுத்துவிட்டு ‘மாதிரி’ போட வேண்டும். ‘தாத்தா, நீங்க சிறுபிள்ளைத்தனமா நடந்துக்கறீங்க’ என்றால் ராத்திரிச் சாப்பாடும் வேண்டாம் என்பார். ‘என்ன தாத்தா, சின்னப்புள்ள மாதிரி அடம் பிடிக்கறீங்க’ என்றால் தண்ணீர் டம்ளரைக் கேட்டு வாங்கிக்கொள்வார்.